செல்பேசி நீச்சல் கற்றுத் தருமா?

புதுதில்லி: கர்நாடக மாநிலம், கோலார் மாவட்டம், முள்பாகலில் இருந்து பள்ளிச் சுற்றுலா சென்ற மாணவிகள் நால்வர், 2024 டிசம்பர் 10-ம் தேதி முருடேஸ்வரம் கடலில் மூழ்கி இறந்தனர். அதே மாவட்டத்தில், தமிழர்கள் பெருமளவில் வாழும் கோலார் தங்கவயலின் பாலகாட் போன்ற பகுதிகளுக்கும் இது எச்சரிக்கை.

கோலார் வறண்ட மாவட்டம். ஆனால், பெங்களூரில் சுத்திகரிக்கப்படும் கழிவுநீர் 2018 முதல் அம்மாவட்ட ஏரிகளில் நிரப்பப்படுகிறது. அந்த நீர் குளிப்பதற்கானது அல்ல. எனினும், கரையில் விளையாடும் சிறுவர்கள் தவறி விழும் அபாயம் உண்டு. ஏரிக்குத் தண்ணீர் வந்த அளவுக்கு, சிறார்களுக்கு நீச்சல் வந்ததா என்பதே கேள்வி.

நாட்டில் ஆண்டுதோறும் சுமார் 38 ஆயிரம் பேர் நீரில் மூழ்கி இறக்கின்றனர். பள்ளி வயதுச் சிறார்களுக்கு அடிப்படை நீச்சல் கற்பிப்பதை உலக சுகாதார நிறுவனம் முக்கியத் தடுப்பு வழிகளில் ஒன்றாகப் பரிந்துரைக்கிறது.

இதற்கு ஸ்மார்ட்போன் உதவுமா? ஓரளவு உதவும். புதிதாகக் கற்பவர் அச்சத்தில் தலையைத் தூக்குவார். உடனே கால்கள் தாழும். தமது தவறு அவருக்கே தெரியாது. கரையில் இருந்து சில விநாடிகள் படம்பிடித்து, மெதுவாக ஓட்டிக் காட்டினால் புரிந்துவிடும். நீருக்குள் மூச்சு விடுதல், மல்லாந்து மிதத்தல், திரும்பிக் கரையைப் பற்றுதல் ஆகியவற்றை விடியோவில் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளலாம். ஆனால், ஆழமற்ற நீரும், கைக்கெட்டும் தூரத்தில் பயிற்சியாளரும் இன்றி அப்பாடம் நிறைவு பெறாது.

படம் எடுப்பவர் வேறு, கண்காணிப்பவர் வேறாக இருக்க வேண்டும். செல்பேசியில் மூழ்கும் பெற்றோர் குழந்தைகளைக் கவனிப்பதில்லை என 2018-ல் ஜெர்மனியின் உயிர்காப்போர் சங்கம் எச்சரித்தது. 2011 முதல் 2017 வரை 'செல்ஃபி' எடுக்கும்போது உலகில் நேர்ந்த 259 மரணங்களை தில்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் ஆராய்ந்தனர். அவற்றில் முதலிடம் நீரில் மூழ்கியதற்கே. நாடுகளில் முதலிடம் இந்தியாவுக்கு.

அரசியல் சட்டப்படி விளையாட்டு மாநிலப் பட்டியலில் உள்ளது. கல்வியோ 1976-ல் பொதுப் பட்டியலுக்கு மாற்றப்பட்டது. நீச்சலை விளையாட்டாகக் கருதினால் பொறுப்பு மாநிலத்தோடு முடிந்துவிடும். பள்ளிப் பாடமாகக் கருதினால் மத்திய அரசும் விலக இயலாது. மூழ்கல் தடுப்புக்கான செயல்திட்ட வரையறையை மத்திய சுகாதார அமைச்சகம் 2023 டிசம்பரில் வெளியிட்டது. அதைப் பள்ளிகளுக்குக் கொண்டு செல்வதே அடுத்த கட்டம்.

மத்திய அரசின் தங்கச் சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்ட பின், தங்கவயலில் இருந்து ஆயிரக்கணக்கானோர் விடியலில் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குச் செல்கின்றனர். பகலில் பிள்ளைகளுடன் ஏரிக்கரைக்குச் செல்ல அவர்களுக்கு நேரமில்லை. அவர்களது பிள்ளைகளுக்குத் தேவை, செல்பேசிக்குள் இருக்கும் ஆசிரியர் மட்டுமல்ல. தண்ணீரில் உடன் இறங்கும் ஆசிரியரும்தான்.