கைப்பையில் வேண்டாம் தொக்கு

வெளிநாட்டில் இருக்கும் மகளுக்கென்று அடுப்படியில் நின்று கிளறிய தக்காளித் தொக்கு, பாதுகாப்புச் சோதனையில் குப்பைத் தொட்டிக்குப் போவது பெரிய வேதனை. விதி தெரிந்திருந்தால் அதைத் தவிர்த்துவிடலாம்.

திரவ வெடிபொருளால் விமானங்களைத் தகர்க்கும் சதி 2006 ஆகஸ்டில் பிரிட்டனில் அம்பலமானது. அதன்பின் வந்ததுதான் 100 மில்லி வரம்பு. சர்வதேசப் பயணத்தில் கைப்பையில் வைக்கும் திரவம், ஜெல், பசை எதுவானாலும் 100 மில்லிக்கு மேற்படாத பாட்டிலில் இருக்க வேண்டும். எல்லாம் சேர்ந்து ஒரு லிட்டர் கொள்ளும் ஒளிபுகும் பைக்குள் அடங்க வேண்டும். தொக்கு, ஊறுகாய், ஜாம், தேன், நெய், பீனட் பட்டர் எல்லாமே இந்தக் கணக்குதான். “கெட்டியாகத்தானே இருக்கிறது” என்ற வாதம் எடுபடாது; ஊற்றவோ தடவவோ பிழியவோ முடிந்தால் திரவம்தான். 300 மில்லி பாட்டிலின் அடியில் இரண்டு கரண்டி ஊறுகாய் இருந்தாலும் விடமாட்டார்கள். அவர்கள் பார்ப்பது பாட்டிலின் கொள்ளளவை. இட்லிப் பொடியை உலர்வாகக் கொண்டுபோங்கள், எண்ணெயில் குழைக்காதீர்கள். கைக்குழந்தையின் உணவுக்குப் பயணத் தேவை அளவுக்கு விலக்கு உண்டு, தயங்காமல் கேளுங்கள்.

சில விமான நிலையங்கள் புதிய ஸ்கேனர்கள் வைத்து வரம்பைத் தளர்த்தியுள்ளன. அதை நம்பிப் போகாதீர்கள். விமானம் மாறும் ஊரில் மறுபடி சோதித்தால் அங்குள்ள விதிதான் செல்லும்.

ஆகவே செக்-இன் பெட்டிதான் வழி. மூடியை டேப்பால் சுற்றி, இரண்டு பிளாஸ்டிக் பைகளுக்குள் போட்டு, துணிகளுக்கு நடுவே வையுங்கள். ஆனால் போய் இறங்கும் நாட்டின் சட்டம் வேறு. இந்தியாவிலிருந்து பிரிட்டனுக்குப் பால் பொருட்கள் கொண்டுபோகத் தடை. நியூசிலாந்துக்குள் இந்தியாவிலிருந்து தேன் நுழையவே முடியாது. அறிவிக்காமல் தடைப் பொருளோடு சிக்கினால் அந்நாட்டு 400 டாலர் அபராதம். சந்தேகமிருந்தால் வருகை அறிவிப்புப் படிவத்தில் எழுதிவிடுங்கள். பொருள் போனாலும் அபராதம் தப்பும்.

சோதனையில் எடுத்த உணவுக்கு இழப்பீடு கிடையாது. நீங்கள் சரியாக மூடாத பாட்டில் கசிந்தாலும் விமான நிறுவனம் பொறுப்பேற்காது. பெட்டியே உடைந்து வந்தால் நிலைமை வேறு. விமான நிலையத்தை விட்டு வெளியேறுமுன் புகார் பதிந்து அதன் நகலை வாங்குங்கள், படம் எடுங்கள். சர்வதேச விமானப் பயண இழப்பீடு பற்றிய மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி, பெட்டி கைக்கு வந்த 7 நாட்களுக்குள் சேதத்தை விமான நிறுவனத்துக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். கெடு தாண்டினால் வழக்கும் நிற்காது.