முன்னறிவிப்பும் ஊர்த் தலைமையும்

ஆபத்து வருகிறதென்ற செய்தி ஓர் ஊரை எட்டுவது வேறு. அச்செய்தியைக் கொண்டு அவ்வூர் தன்னைக் காத்துக்கொள்வது வேறு. இவ்விரண்டையும் இணைப்பது உள்ளூர்த் தலைமையே என்பதைக் கரையோர ஊர்களின் அனுபவம் நமக்கு உணர்த்துகிறது.

2004 டிசம்பர் 26 அன்று காலை, சிங்கப்பூரில் பணிபுரிந்த இளைஞர் ஒருவர் தொலைக்காட்சியில் ஆழிப்பேரலைச் செய்தியைக் கண்டு, புதுச்சேரியை அடுத்த நல்லவாடு என்னும் தம் ஊருக்குத் தொலைபேசியில் எச்சரித்தார். ஊரார் அறிவு மையத்தின் கதவை உடைத்துத் திறந்து, அங்கிருந்த ஒலிபெருக்கியில் அறிவித்தனர். வீடுகளும் படகுகளும் அழிந்தன. ஆயினும் சுமார் 3,600 பேர் உயிர் தப்பினர்.

இதனைத் தற்செயல் என்று நாம் ஒதுக்கிவிட இயலாது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரி வட்டாரத்தில் 1998 முதல் நிறுவிய அறிவு மையங்களுக்கு ஊரே இடமளித்தது. ஊரைச் சேர்ந்த தொண்டர்களே அவற்றை நடத்தினர். அலையின் உயரமும் காற்றின் போக்கும் அன்றாடம் ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டன. அந்தக் குரலை நம்பிப் பழகியிருந்ததால்தான் அன்றும் மக்கள் செவிசாய்த்தனர்.

ஆழிப்பேரலை நிலநடுக்கத்தால் எழுந்தது. காலநிலை மாற்றத்தால் அன்று. எனினும் பெருமழையையும் கடும்புயலையும் எதிர்கொள்ளவிருக்கும் ஊர்களுக்கும் இப்படிப்பினை பொருந்தும். 2007இல் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் இயங்கத் தொடங்கியது. புயல் எச்சரிக்கைகளும் மேம்பட்டன. ஆயினும் 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது, முன்னரே ஆழ்கடல் சென்றுவிட்ட குமரி மீனவர் பலரை எச்சரிக்கை எட்டவில்லை. எவர் எப்படகில் சென்றுள்ளார், எப்போது திரும்புவார் என்பதை அறிந்தோர் ஊராரே.

மலையடிவார ஊர்களின் நிலையும் இதுவே. சிலமலை, போடிநாயக்கனூர் வட்டாரத்துத் தொழிலாளர்கள் போடிமெட்டு வழியாக ஜீப்புகளில் ஏலத்தோட்டங்களுக்குச் செல்கின்றனர். இன்று எவர் எத்தோட்டத்தில் இருக்கிறார் என்பது ஜீப் ஓட்டுநருக்கும் உடன் வேலை செய்யும் பெண்களுக்கும் தெரியும். மாவட்ட அலுவலகத்திற்குத் தெரியாது. 2018 மார்ச் 11 அன்று மூண்ட குரங்கணிக் காட்டுத்தீ 23 உயிர்களைப் பறித்தது; அன்று முதலில் மலையேறி உதவியோருள் அவ்வூர் மக்கள் இருந்தனர். 2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறை அடுத்த பெட்டிமுடியில் மண்சரிவு தமிழ்த் தேயிலைத் தொழிலாளர் குடியிருப்பைப் புதைத்து 70 பேரைப் பலிகொண்டது. தொலைத்தொடர்பு அற்றிருந்தமையால், மறுநாள் காலையிலேயே செய்தி வெளியுலகை எட்டியது.

2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் தேசம், மாநிலம், மாவட்டம் ஆகிய நிலைகளில் ஆணையங்களை அமைத்தது. கிராமத்திற்கென அத்தகைய ஆணையம் இல்லை. அவ்விடத்தை ஊரே நிரப்ப வேண்டும். மழையளவை நாள்தோறும் குறிக்க ஒருவர், மலையேறியோரின் பெயர்களைப் பதிய ஒருவர், முதியோரையும் நோயாளிகளையும் அழைத்துவர இருவர் என்று பொறுப்புகளைப் பகிர்ந்து, பருவமழைக்கு முன்னரே ஒத்திகை பார்த்தல் வேண்டும். இப்பொறுப்புகளில் பெண்களும் தினக்கூலித் தொழிலாளரும் இடம்பெறுவது இன்றியமையாதது. ஏனெனில் ஆபத்தின் வாயிலில் முதலில் நிற்பவர்கள் அவர்களே.