மெதுவா ஓடினாத்தான் வேகம் வரும்!
(ஓட்டத் தேர்வுக்குத் தயாராகும் நம் பெண் பிள்ளைகளுக்காக)



நம்ம குழு உறுப்பினர்கள் வீட்டில் பிளஸ் டூ, டிகிரி முடித்த பெண் பிள்ளைகள் நிறையப் பேர் சீருடை வேலைக்கு விண்ணப்பம் போடுகிறார்கள். எழுத்துத் தேர்வுக்குப் புத்தகம் வாங்கித் தருகிறோம், கடன் எடுத்தாவது கோச்சிங் சேர்க்கிறோம். ஆனால் ஓட்டத்துக்கு? "காலையில எழுந்து நாலு ரவுண்டு ஓடு" என்று சொல்வதோடு சரி. எழுத்துத் தேர்வில் நல்ல மார்க் வாங்கிய பிள்ளை, மைதானத்தில் சில விநாடியில் வேலையைக் கோட்டை விட்டு அழுதுகொண்டு வருவதும் நடக்கிறது. அதனால் இந்த மாதம் ஓட்டப் பயிற்சியைப் பற்றிப் பேசுவோம்.

எந்தத் தேர்வுக்கு என்ன ஓட்டம்?

தமிழ்நாடு காவல்துறை இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் பெண்கள் 400 மீட்டரை 2 நிமிடம் 30 விநாடிக்குள் ஓட வேண்டும். துணை ராணுவப் படைகளுக்கான எஸ்.எஸ்.சி. ஜி.டி. கான்ஸ்டபிள் தேர்வில் 1.6 கிலோமீட்டரை 8 நிமிடம் 30 விநாடிக்குள் ஓட வேண்டும். வனக்காப்பாளர் வேலைக்கு ஓட்டம் கிடையாது, நடைதான். பெண்கள் 16 கிலோமீட்டரை 4 மணி நேரத்தில் நடந்து முடிக்க வேண்டும். விண்ணப்பிக்கும் வருஷத்து அறிவிப்பில் இந்த அளவை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இதில் 1.6 கிலோமீட்டர் என்பது 400 மீட்டர் மைதானத்தில் சரியாக 4 சுற்று. எட்டரை நிமிடத்தை நாலால் வகுத்தால் ஒரு சுற்றுக்கு 2 நிமிடம் 7 விநாடி வருகிறது. இதைத் தேர்வு வேகம் என்று வைத்துக்கொள்வோம்.

நம்ம பிள்ளைகள் எங்கே தவறுகிறார்கள்?

தேர்வு வேகம் இதுதான் என்று தெரிந்ததும் பிள்ளைகள் தினமும் அதே வேகத்தில் ஓட ஆரம்பிக்கிறார்கள். கையில் செல்போன் ஸ்டாப்வாட்ச், பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டம், முடிவில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கல். முதல் வாரம் நேரம் குறையும். இரண்டாவது வாரம் முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் வலிக்கும். மூன்றாவது வாரம் நொண்டிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்துவிடுவார்கள். உடனே வீட்டில் பெரியவர்கள், "பொம்பளப் புள்ளைக்கு ஓட்டமெல்லாம் எதுக்கு, ஒத்து வராது" என்று முடித்துவிடுவார்கள்.

இந்தப் பேச்சு நம்ம ஊரில் மட்டும் இல்லை. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 800 மீட்டர் ஓட்டம் வைத்தார்கள். ஓடி முடித்த பெண்கள் களைத்துப் போனதைக் காட்டி, பெண்ணுடம்பு இதைத் தாங்காது என்று அதை எடுத்தே விட்டார்கள். மறுபடி சேர்க்க 1960 வரை 32 வருஷம் ஆனது. 42 கிலோமீட்டர் மாரத்தானைப் பெண்களுக்கு ஒலிம்பிக்கில் வைத்தது 1984-ல்தான். அந்த முதல் மாரத்தானில் அமெரிக்காவின் ஜோன் பெனாய்ட் இரண்டரை மணி நேரத்துக்குள்ளேயே ஓடி முடித்துத் தங்கம் வாங்கினார். பெண்ணுடம்பு தாங்கும். பயிற்சி முறை சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மெதுவான ஓட்டம் சேமிப்பு, வேக ஓட்டம் கடன்

நம்ம குழுக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். வாராவாரம் சேமிப்பு வந்தால்தான் குழுவில் கடன் கொடுக்க முடியும். சேமிப்பு இல்லாமல் தினமும் கடன் எடுத்தால் குழு நிற்குமா? உடம்பும் அப்படித்தான். மெதுவான ஓட்டம் சேமிப்பு. வேக ஓட்டம் அந்தச் சேமிப்பில் இருந்து எடுக்கிற கடன்.

மெதுவாக, நீண்ட நேரம் ஓடும்போது உடம்புக்குள் நாலு வேலை நடக்கிறது.

1. இதயம் பலமாகி, ஒரு துடிப்புக்குக் கூடுதல் ரத்தத்தைத் தள்ளப் பழகுகிறது.
2. கால் தசைகளில் மெல்லிய ரத்தக் குழாய்கள் பெருகுகின்றன. பிராணவாயு நன்றாகப் போய்ச் சேருகிறது.
3. உடம்பில் இருக்கும் கொழுப்பை எரித்துச் சக்தி எடுக்கும் பழக்கம் வருகிறது. சீக்கிரம் சோர்வு வராது.
4. எலும்பும் தசைநாரும் கொஞ்சம் கொஞ்சமாக உறுதியாகின்றன.

இந்த நாலாவதுதான் முக்கியம். மூச்சும் இதயமும் சில வாரத்தில் பழகிவிடும். எலும்புக்கும் தசைநாருக்கும் மாதக்கணக்கில் ஆகும். "மூச்சு வாங்கல, இன்னும் வேகமா ஓடலாம்" என்று பிள்ளை நினைக்கும்போது கால் எலும்பு இன்னும் தயாராகி இருக்காது. முன்கால் வலி வருவது இதனால்தான்.

நியூசிலாந்துப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்ட் 1950-களிலேயே இதைச் செய்து காட்டினார். 800 மீட்டர் ஓடுகிற பீட்டர் ஸ்னெல்லைக்கூட வாரக்கணக்கில் நீண்ட தூரம் ஓட வைத்து அடித்தளம் போட்டார், வேகப் பயிற்சி அதற்குப் பிறகுதான். 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஸ்னெல் தங்கம் வாங்கினார். இன்றைக்கும் உலகத்தின் சிறந்த நீண்டதூர ஓட்டக்காரர்கள் பயிற்சியில் பெரும்பகுதியை, அதாவது ஐந்தில் நாலு பங்கு அளவுக்கு, மெதுவாகத்தான் ஓடுகிறார்கள்.

எது சரியான மெதுவான வேகம்?

இதற்கு விலையுயர்ந்த வாட்ச் எதுவும் வேண்டாம். மூன்று வழி இருக்கிறது.

பேச்சு: ஓடும்போதே பக்கத்தில் வருகிற தோழியிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். "நேத்து உங்க வீட்டுல என்ன குழம்பு வச்சீங்க" என்று நிறுத்தாமல் கேட்க முடிந்தால் வேகம் சரி. இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். பாட்டே பாட முடிந்தால் கொஞ்சம் கூட்டலாம்.

நாடி: 220-ல் இருந்து வயதைக் கழித்தால் இதயத் துடிப்பின் உச்ச அளவு தோராயமாக வரும். 20 வயதுப் பிள்ளைக்கு 200. மெதுவான ஓட்டத்தில் துடிப்பு இதில் 65 முதல் 75 சதவீதம், அதாவது நிமிடத்துக்கு 130 முதல் 150 வரை இருக்கலாம். ஓட்டத்தை நிறுத்திய உடனே மணிக்கட்டில் விரல் வைத்து 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குங்கள். இது ஆளுக்கு ஆள் மாறும். சந்தேகம் வந்தால் பேச்சு வழியையே நம்புங்கள்.

சுற்றுக் கணக்கு: இப்போது 1.6 கிலோமீட்டரை எவ்வளவு நேரத்தில் ஓட முடிகிறது என்று ஒருமுறை பாருங்கள். அதை நாலால் வகுத்து, வருகிற நேரத்தோடு 50 விநாடி முதல் ஒரு நிமிடம் வரை கூட்டுங்கள். 10 நிமிடத்தில் ஓடுகிற பிள்ளைக்கு ஒரு சுற்று 2 நிமிடம் 30 விநாடி. அவள் மெதுவான ஓட்டத்தில் ஒரு சுற்றுக்கு 3 நிமிடம் 20 முதல் 30 விநாடி எடுத்துக்கொள்ள வேண்டும். எட்டரை நிமிடத்தில் ஓடுகிறவளுக்குச் சுமார் 3 நிமிடம். ஓட வேண்டிய நேரத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். இப்போது ஓடுகிற நேரம்தான் கணக்கு.

"இவ்வளவு மெதுவாவா? இது நடை மாதிரி இருக்கே!" என்று பிள்ளைகள் கேட்பார்கள். இருக்கட்டும். புதிதாக ஆரம்பிப்பவர்கள் 2 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை என்று மாற்றி மாற்றிப் போனாலும் அது பயிற்சிதான்.

வாரம் ஒரு நீண்ட ஓட்டம்

இதைத் தூரத்தை வைத்து அளக்காமல் நேரத்தை வைத்து அளப்பது நல்லது. வேகம் மெதுவான ஓட்டத்தின் வேகமே, அதைவிடக் குறைந்தாலும் பரவாயில்லை. முதல் வாரம் 30 நிமிடம், பிறகு வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டலாம். நாலு வாரத்துக்கு ஒருமுறை குறைத்து உடம்புக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். 1.6 கிலோமீட்டர் தேர்வுக்கு 50, 60 நிமிடம் வரை போனால் போதும்.

வனக்காப்பாளர் தேர்வுக்குப் போகிறவர்கள் இதே முறையில் நடக்கலாம். 4 மணி நேரத்தில் 16 கிலோமீட்டர் என்றால் ஒரு கிலோமீட்டருக்கு 15 நிமிடம். 6 கிலோமீட்டரில் ஆரம்பித்து வாராவாரம் ஒரு கிலோமீட்டர் கூட்டினால் இரண்டரை மாதத்தில் தயாராகிவிடலாம்.

வாரத் திட்டம் (1.6 கிலோமீட்டர் தேர்வுக்கு)

திங்கள்: ஓய்வு.
செவ்வாய்: மெதுவான ஓட்டம் 25 முதல் 30 நிமிடம்.
புதன்: வேகப் பயிற்சி.
வியாழன்: ஓய்வு அல்லது நடை.
வெள்ளி: மெதுவான ஓட்டம் 30 நிமிடம்.
சனி: குந்தி எழுதல், தோப்புக்கரணம் போன்ற கால் பயிற்சிகள்.
ஞாயிறு: நீண்ட ஓட்டம்.

முதல் நாலு வாரம் புதன்கிழமையும் மெதுவான ஓட்டமே. ஐந்தாவது வாரத்தில் இருந்து, 10 நிமிடம் மெதுவாக ஓடி உடம்பைச் சூடாக்கிய பிறகு, 400 மீட்டரைத் தேர்வு வேகத்தில் ஓடி 3 நிமிடம் நடக்க வேண்டும். இப்படி நாலு முறை. தேர்வுக்கு முந்தைய வாரம் பயிற்சியைப் பாதியாகக் குறையுங்கள்.

தேர்வு நாளில் முதல் சுற்றைக் கூட்டத்தோடு சேர்ந்து பாய்ந்து ஓடக் கூடாது. முதல் சுற்றை ஒன்றே முக்கால் நிமிடத்தில் ஓடியவள் மூன்றாவது சுற்றில் நின்றுவிடுவாள். நாலு சுற்றும் ஒரே சீராகப் போகிறவள்தான் கோட்டைத் தாண்டுவாள்.

அம்மாக்கள் கவனிக்க வேண்டியது

* தமிழ்நாட்டில் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருக்கிறது என்று 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. ரத்தம் குறைவாக இருந்தால் என்ன ஓடினாலும் மூச்சு வாங்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பாருங்கள். 12-க்குக் கீழே இருந்தால் டாக்டர் சொல்படி மாத்திரை எடுக்க வேண்டும். மாத்திரையோடு டீ, காபி வேண்டாம்.
* மாதவிலக்கு நாளில் ஓடலாம். வலி இருந்தால் நடக்கலாம். ஆனால் பயிற்சி ஆரம்பித்த பிறகு மாதவிலக்கு நின்றுபோனால் சாப்பாடு போதவில்லை என்று அர்த்தமாக இருக்கலாம். டாக்டரிடம் காட்டுங்கள்.
* எலும்பில் ஒரே இடத்தில் விரல் வைத்தால் சுள்ளென்று வலித்தால் ஓட்டத்தை நிறுத்திவிட்டுக் காட்ட வேண்டும். எண்ணெய் தேய்த்துக்கொண்டு ஓடுவது தப்பு.
* வெயில் ஏறுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். புழுக்கமான நாளில் அதே வேகம் வராது, கட்டாயப்படுத்த வேண்டாம்.
* வெறும் காலோடு தார் ரோட்டில் ஓட வேண்டாம். காலுக்குச் சரியான ஷூ ஒரு ஜோடி போதும், செலவு அதில் செய்யுங்கள்.

குழுக் கூட்டத்தில் என்ன செய்யலாம்?

பிள்ளைகள் தனியாக ஓடப் பயப்படுகிறார்கள், நாமும் அனுப்பப் பயப்படுகிறோம். அதனால் ஒரு ஊரில் இருக்கும் பிள்ளைகளை ஒன்று சேருங்கள். பள்ளி மைதானத்தைக் காலையில் திறந்து வைக்கத் தலைமை ஆசிரியரிடம் குழு சார்பில் மனு கொடுங்கள். சுற்று எத்தனை மீட்டர் என்று பி.டி. சாரிடம் கேட்டு அளந்துகொள்ளுங்கள். நிறைய மைதானத்தில் 200 மீட்டர்தான் இருக்கும். தினம் இரண்டு உறுப்பினர்கள் முறை வைத்துத் துணைக்குப் போகலாம். போகிறவர்கள் சும்மா உட்காராமல் சுற்றி நடந்தால் நம்ம சர்க்கரைக்கும் பி.பி.க்கும் நல்லது.

சேமிப்புப் புத்தகம் மாதிரி ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நோட்டு போடுங்கள். தேதி, எத்தனை நிமிடம், மெதுவாகவா வேகமாகவா, வலி உண்டா என்று நாலு கட்டம் போதும். மாதம் ஒருமுறை 1.6 கிலோமீட்டர் ஓடிப் பார்த்து நேரத்தை எழுதுங்கள். அந்த நேரத்தைக் கொண்டு மெதுவான ஓட்டத்தின் வேகத்தையும் மாற்றிக்கொள்ளுங்கள்.

தேர்வு அறிவிப்பு வந்த பிறகு ஓட ஆரம்பித்தால் அடித்தளம் போட நேரம் இருக்காது. விண்ணப்பிக்கலாம் என்று நினைக்கும் பிள்ளை இந்த வாரமே ஆரம்பிக்கட்டும். மெதுவாக!