புது அறையின் வாசனை

புதிதாகத் திறந்த டிசைன் ஹோட்டல் அறைக்குள் நுழைந்ததும் மூக்கில் ஏறும் ‘புது வாசனை’ பலருக்குப் பிடிக்கும். அதில் பெரும்பங்கு பெயின்ட், பசை, தரைவிரிப்பு ஆகியவற்றிலிருந்து ஆவியாகும் வேதிப்பொருட்கள்தான்.

பிளைவுட், எம்.டி.எஃப். பலகைகளின் பசையிலிருந்து கசியும் ஃபார்மால்டிஹைடு புற்றுநோயை உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் அறிவித்தது. அறைக் காற்றில் அது, அரை மணி நேரச் சராசரியாக, ஒரு கன மீட்டருக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

வெப்பமும் ஈரப்பதமும் கூடினால் கசிவும் கூடும்.

எனவே கட்டடத்தின் ஆரோக்கியத்தை மதிப்பிடுவோர் காற்று மாதிரி எடுத்துச் சோதிக்கிறார்கள். கார்பன் டை ஆக்சைடு அளவை வைத்துக் காற்றோட்டத்தைக் கணிக்கிறார்கள். 2014-இல் அறிமுகமான ‘வெல்’ தரச்சான்று, காற்றோடு குடிநீர், வெளிச்சம் ஆகியவற்றையும் பார்க்கிறது.

நேயர்களே, புது ஹோட்டலில் அறை எடுக்கும்போது, சன்னல் திறக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்!