மேகம் மறைக்காத கண்

ராக்கெட் ஏவும் நாளென்றால் சூளூர்பேட்டையில் மொட்டைமாடிகள் நிரம்பிவிடும். கிழக்கே பழவேற்காடு ஏரியைத் தாண்டினால் ராக்கெட் ஏவுதளம் இருக்கும் ஸ்ரீஹரிகோட்டா. ஊர்க்காரர்கள் வாயில் அது 'ஷார்'. நெருப்பு எழும்பும், சற்றுத் தாமதமாக முழக்கம் வந்து சேரும், சில நிமிடங்களில் வானில் புகைக்கோடு மட்டும் மிஞ்சும். அப்போது ஏதாவது ஒரு பொடிசு கேட்கும்: "அது மேலே போய் என்ன பண்ணும்?"

நல்ல கேள்வி. இஸ்ரோ விஞ்ஞானி என். வளர்மதியின் கதை அதற்கு நல்ல பதில்.

வளர்மதி 1959-ல் அரியலூரில் பிறந்தவர். மண்ணைத் தோண்டினால் பழங்காலக் கடல் உயிரினங்களின் புதைபடிவங்கள் கிடைக்கிற ஊர் அது. பள்ளிப்படிப்பு அங்கேயே முடிந்தது. பிறகு கோயம்புத்தூர் அரசு தொழில்நுட்பக் கல்லூரியில் பொறியியல், அண்ணா பல்கலைக்கழகத்தில் மின்னணுவியலில் முதுகலை. 1984-ல் இஸ்ரோவில் சேர்ந்தார். இன்சாட்-2ஏ, ஐ.ஆர்.எஸ். வரிசைச் செயற்கைக்கோள்கள் என்று பல திட்டங்களில் உழைத்த பிறகு, ரிசாட்-1 செயற்கைக்கோளின் திட்ட இயக்குநர் பொறுப்பு வந்தது. பல மையங்களில் தனித்தனியாக உருவாகும் பாகங்கள் ஒன்றுசேர்ந்து, குறித்த நாளில் ஒரே செயற்கைக்கோளாக நிற்க வேண்டும். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் திட்ட இயக்குநர். இஸ்ரோவில் அந்த நாற்காலிக்குப் பெண்கள் வர நெடுங்காலம் பிடித்தது. 2011-ல் ஜிசாட்-12 தகவல்தொடர்புச் செயற்கைக்கோளை டி.கே. அனுராதா வழிநடத்தினார். அடுத்து வந்தவர் வளர்மதி.

அவர் குழு செய்த செயற்கைக்கோளில் என்ன விசேஷம்?

சாதாரண கேமராவுக்கு வெளிச்சம் வேண்டும். இரவில் அது குருடு. மேகம் சூழ்ந்தாலும் குருடு. நம் நாட்டிலோ நெற்பயிர் பெரும்பாலும் பருவமழைக் காலத்தில்தான் வளர்கிறது. வயலைப் பார்த்தே ஆக வேண்டிய நேரத்தில் வானம் மூடிக் கிடக்கும். வெள்ளம் வந்தாலும் இதே தொல்லைதான். ரிசாட்-1 சூரியனை எதிர்பார்க்கவில்லை. தானே நுண்ணலைகளைக் கீழே அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைக் கொண்டு படம் வரைந்தது. வௌவால் இருட்டில் வழி கண்டுபிடிப்பதும் ஏறக்குறைய இப்படித்தான். அது ஒலியை அனுப்புகிறது, இது நுண்ணலையை. அந்த அலைகள் மேகத்தை ஊடுருவிச் செல்லும். இப்படி வேலை செய்யும் கருவிதான் ராடார்.

படத்தைப் படிப்பது தனிக் கலை. நாற்று நட்ட புதிதில் வயல் முழுக்கத் தண்ணீர். சமமான நீர்ப்பரப்பில் பட்ட அலை வேறு பக்கம் தெறித்துவிடுவதால் வயல் கறுப்பாகத் தெரியும். பயிர் வளர வளர இலையிலும் தண்டிலும் பட்டுத் திரும்பும் அலை கூடி, அதே வயல் வெளுக்கத் தொடங்கும். சில வார இடைவெளியில் எடுத்த படங்களை அடுக்கிப் பார்த்தாலே எங்கே நெல், எவ்வளவு பரப்பு என்று கணக்கிடலாம்.

2012 ஏப்ரல் 26, அதிகாலை 5.47 மணி. பி.எஸ்.எல்.வி.-சி19 ராக்கெட் ரிசாட்-1ஐச் சுமந்து புறப்பட்டது. எடை 1,858 கிலோ, அதுவரை பி.எஸ்.எல்.வி. இவ்வளவு பாரத்தைத் தூக்கியதில்லை. அந்த விடியற்காலைக்கும் காரணம் உண்டு. பூமியின் பகலும் இரவும் சந்திக்கிற விளிம்பை ஒட்டியே சுற்றும் பாதை அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தது. அங்கே சூரியத் தகடுகளுக்கு வெயில் அனேகமாகக் குறைவதில்லை. ராடாரோ மின்சாரத்தை அள்ளி விழுங்கும்.

இதற்கு முன் 2009-ல் ஏவிய ரிசாட்-2-இல் இருந்தது இஸ்ரேல் ராடார். ரிசாட்-1-இன் ராடார் உள்நாட்டிலேயே உருவானது. கணக்குப்படி முதலில் வர வேண்டிய எண் இரண்டாவதாக வந்ததைக் குழந்தைகள் உடனே கவனித்துவிடுவார்கள். பெரியவர்கள் பதில் தயாராக வைத்திருப்பது நல்லது. மும்பை பயங்கரவாதத் தாக்குதலுக்குப் பின் எல்லைக் கண்காணிப்பு அவசரமாகிவிட்டதால் ரிசாட்-2 முந்திக்கொண்டது.

2015-ல் அப்துல் கலாம் மறைந்த சில நாட்களில் தமிழக அரசு அவர் பெயரில் ஒரு விருதை அறிவித்தது. சுதந்திர தின விழாவில் அதன் முதல் விருது வளர்மதிக்குக் கிடைத்தது: ஐந்து லட்சம் ரூபாயும் எட்டு கிராம் தங்கப் பதக்கமும்.

ரிசாட்-1 இப்போது செயல்பாட்டில் இல்லை. அதன் வேலையைத் தொடர இ.ஓ.எஸ்.-04 செயற்கைக்கோள் 2022 பிப்ரவரி 14 அன்று, அதே ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து, காலை 5.59 மணிக்குப் போனது. ஏவுதலை நேரில் காண 2019 முதல் பொதுமக்களுக்கென அங்கே ஒரு பார்வையாளர் மாடமும் இருக்கிறது. இணையத்தில் முன்பதிவு செய்துகொள்ள வேண்டும்.