யானைகள் உலவும் இடத்தில் மணவறையா?

பலாங்கொடைப் பக்கத்துத் தோட்டமொன்றில் ஒரு குடும்பம் அண்மையில் பல நாட்களாக ஒரே கதையையே பேசிக்கொண்டிருந்தது. மகளுக்குக் கலியாணம் நிச்சயமாகிவிட்டது. மாப்பிள்ளை உடவளவைத் தேசியப் பூங்காவுக்கு உல்லாசப் பயணிகளை ஏற்றிச் செல்லும் ஜீப் சாரதி. "பூங்காவுக்குள்ளேயே ஒரு மரத்தடியில் தாலி கட்டிக்கொள்ளலாம், இருபது பேர் போதும்" என்றார் அவர். மகளும் உடனே ஒத்துக்கொண்டாள். பெரியவர்களுக்கோ இது என்ன புதுப் பழக்கம் என்ற எரிச்சல். மாரியம்மன் கோயிலும் பிரட்டுக்களமும் இருக்கும்போது காட்டுக்குள் ஏன் போகவேண்டும் என்று மாமன்மார் கேட்டார்கள்.

பிள்ளைகளின் ஆசையைக் கேலி செய்வதற்கு முன் அந்த இடத்தைப் பற்றிக் கொஞ்சம் அறிந்துகொள்வோம். உடவளவைப் பூங்கா சப்ரகமுவ, ஊவா மாகாணங்களின் எல்லையில், இரத்தினபுரி, மொனராகலை மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. பரப்பு 30,000 ஹெக்டேயருக்குச் சற்று அதிகம். வளவை கங்கையை மறித்து நீர்த்தேக்கம் கட்டியபோது காட்டு விலங்குகள் இருப்பிடம் இழந்தன. அவற்றுக்குப் புகலிடமாகவே 1972 ஜூன் 30இல் இது தேசியப் பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்டது. அங்கே சேனைப் பயிர் செய்துவந்த விவசாயிகள் அதற்காக வெளியேற்றப்பட்டார்கள். ஒரு கூட்டத்துக்கு இடம் கொடுக்க இன்னொரு கூட்டத்தை எழுப்பிய கதை நமக்குப் புதிதல்லவே.

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, தேசியப் பூங்காவுக்குள் அனுமதிச்சீட்டுப் பெற்றுச் செல்வது விலங்குகளையும் மரஞ்செடிகளையும் பார்ப்பதற்காகவே. வாகனம் குறித்த பாதையில் மட்டும் போகவேண்டும். அனுமதித்த இடங்களைத் தவிர வேறெங்கும் இறங்கக்கூடாது. தீ மூட்டுவது குற்றம். அப்படியானால் ஓமம் வளர்ப்பது எப்படி? தப்பும் நாதஸ்வரமும் எப்படி? மாலை ஆறு மணிக்கு முன் எல்லோரும் வெளியேறிவிடவும் வேண்டும். பூங்காவுக்குள் வனசீவராசிகள் திணைக்களத்தின் விடுதிகள் சில உண்டு. ஆனால் அவை சிறு குழுக்கள் தங்கி விலங்குகளைப் பார்ப்பதற்கானவை, பந்தல் போடுவதற்கானவை அல்ல.

பிள்ளைகள் தொலைபேசியில் பார்க்கும் வெளிநாட்டுப் படங்கள்தான் குழப்பத்தை உண்டாக்குகின்றன. அமெரிக்காவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் முன்கூட்டியே விண்ணப்பித்து, கட்டணம் செலுத்தி, திருமணம் செய்ய வழியுண்டு. ஆனால் அங்கே மக்கள் இறங்கி நடந்து திரியலாம், காட்டு யானைக் கூட்டம் எதிரே வராது. நம் அயல்நாடான இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், எந்தெந்தக் காரியத்துக்கு உள்ளே போக அனுமதிச்சீட்டுத் தரலாம் என்று பட்டியலிட்டிருக்கிறது. ஆய்வு, படப்பிடிப்பு, சுற்றுலா என்று போகும் அந்தப் பட்டியலில் கலியாணம் இல்லை.

பட்டாசைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். நம் நாட்டில் ஊருக்குள் வரும் யானைகளை விரட்ட, வனசீவராசிகள் திணைக்களமே விவசாயிகளுக்கு யானைவெடி கொடுக்கிறது. யானைக்கு வெடிச்சத்தம் என்றால் துரத்துகிறார்கள் என்றுதான் அர்த்தம். நாம் மகிழ்ச்சியில் கொளுத்தும் சரவெடிக்கும் அந்த வெடிக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. வெடிச்சத்தம் கேட்டுக் குழந்தைகளை வாரி அணைத்துக்கொண்டு ஓடிய தாய்மாருக்கு இதை விளக்கவேண்டியதில்லை. உடவளவை - தணமல்வில வீதியோரம், மின்வேலிக்கு அப்பால் யானைகள் வரிசையாக நின்று வருவோர் போவோரிடம் பழம் எதிர்பார்ப்பதைப் பயணம் செய்தவர்கள் பார்த்திருப்பீர்கள். அதுவும் நாம் பழக்கிவிட்ட கெட்ட பழக்கமே. கலியாணத்துச் சோற்றையும் அங்கே கொண்டுபோய்க் கொட்டவேண்டுமா?

ஆகவே பூங்காவுக்குள் கலியாணம் என்ற பேச்சுக்கு இடமில்லை. இதைச் சொன்னதும் மாப்பிள்ளை விளங்கிக்கொண்டார். அவர் தொழிலும் அந்த அனுமதிச்சீட்டில்தானே தங்கியிருக்கிறது! மகள்தான் அழுதாள். அவள் அழுதது பூங்காவுக்காக அல்ல என்பது பிறகுதான் வெளியே வந்தது.

அவளுடைய பாட்டன் பாட்டி சப்ரகமுவத் தோட்டத்தில் பிறந்தவர்கள். 1977 வன்செயலின்போது லயம் எரிய, கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வவுனியாவுக்குப் போனவர்கள். 1981இலும் 1983இலும் இந்தப் பகுதியிலிருந்து இன்னும் எத்தனையோ குடும்பங்கள் அப்படிப் போயின. போன இடத்திலும் யுத்தம் விடவில்லை. 2009இல் அவளுடைய தகப்பன் காணாமற்போனார். தாய் பிள்ளையுடன் பழைய தோட்டத்துக்கே, தங்கையின் காம்பராவுக்குத் திரும்பி வந்தாள். கணவன் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாததால் இன்றுவரை பொட்டு வைக்கிறாள். அதற்காகவே ஊரில் இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். உறவினர் வீட்டுக் கலியாணமொன்றில் ஆரத்தித் தட்டை அவள் கையிலிருந்து வாங்கி வேறொருத்தியிடம் கொடுத்தார்கள். அதை மகள் பார்த்துக்கொண்டு நின்றாள். "காட்டுக்குள் என்றால் இவர்கள் யாரும் வரமாட்டார்கள், அம்மா முன்னுக்கு நிற்கலாம்" என்பதுதான் அவள் போட்ட கணக்கு.

இதைக் கேட்டபிறகு மாமன்மாருக்கும் பேச்சு எழவில்லை. இடம் எது என்ற கேள்வியை விட, யார் எங்கே நிற்பது என்பதை முதலில் பேசித் தீர்த்திருக்கவேண்டும் என்பது என் எண்ணம். நிச்சயதார்த்தத்தன்றே இரு வீட்டாரும் தலைவர், பூசகர் முன்னிலையில் "பெண்ணின் அம்மாதான் தாரை வார்ப்பார்" என்று சொல்லிவிட்டால், கலியாணத்தன்று தட்டைப் பிடுங்க யாருக்கும் துணிவு வராது. தாய் தனியே நின்று தாரை வார்ப்பதைச் செய்துவைக்கும் பூசகர்கள் இருக்கிறார்கள். மறுப்பவர் என்றால் வேறொருவரைக் கேட்கலாம்.

செலவையும் யோசியுங்கள். தோட்டத்தில் நாட்சம்பளம் 1,000 ரூபாவானதே 2021இல்தான். பெல்மதுளை, எம்பிலிப்பிட்டிய வழியாக இரண்டு பஸ் பிடித்து, அங்கே ஆளுக்கொரு நுழைவுச்சீட்டும் ஜீப் வாடகையும் கொடுப்பதென்றால் சீட்டுக் காசெல்லாம் ஒரே நாளில் போய்விடும். கோயிலில் தாலி கட்டிவிட்டு, மறுநாள் மணமக்கள் இருவரும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு பூங்காவுக்குப் போய் வரட்டும். அருகில் 1995இல் தொடங்கிய யானைக்குட்டிகள் பராமரிப்பு நிலையமும் உண்டு. தாயை இழந்த குட்டிகளுக்கு அங்கே பால் கொடுத்து வளர்த்து, பின்னர் காட்டில் விடுகிறார்கள். பால் கொடுக்கும் நேரத்தில் தூர நின்று பார்க்கலாம்.

எங்கே தாலி கட்டினாலும் விவாகப் பதிவை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். கோயிலில் கட்டியதே போதும் என்றிருந்த எத்தனையோ பெண்கள், யுத்தத்தில் கணவனை இழந்தபின் தாம் மனைவிதான் என்று நிரூபிக்க அலுவலகம் அலுவலகமாக அலைந்தார்கள். இருவருக்கும் 18 வயது நிறைந்திருக்கவேண்டும். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டையுடன் முன்கூட்டியே பதிவாளரிடம் அறிவித்தல் கொடுக்கவேண்டும். கூடுதல் கட்டணம் கட்டினால் பதிவாளர் நீங்கள் சொல்லும் இடத்துக்கே வருவார். அறிவித்தல் கொடுப்பதற்கும் பதிவுக்கும் இடையில் நாள் செல்லும் என்பதால் முகூர்த்தத்துக்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே போவது நல்லது. முதல் கணவன் காணாமற்போய், மறுமணத்தை எண்ணும் சகோதரிகள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். 2016ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி கிடைக்கும் காணாமற்போனமைக்கான சான்றிதழ் முதல் விவாகத்தை முடித்துவைக்காது. முதலில் சட்ட ஆலோசனை பெறுங்கள்.

அந்தப் பலாங்கொடைக் கலியாணம் தோட்டத்துக் கோயிலில் என்று முடிவாகியிருக்கிறது. விவாகப் பதிவில் சாட்சிகள் இருவர் கையெழுத்திட வேண்டும். மாப்பிள்ளை பக்கம் அவருடைய சித்தப்பா. பெண் பக்கம் அம்மா. ஆறாம் வகுப்புவரை படித்தவர், தமிழில் அழகாகக் கையெழுத்துப் போடுவார்.