பம்பாய்த் தேக்கில் ஒரு போர்க்கப்பல்

இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் உள்ள ஹார்ட்டில்பூல் துறைமுகத்தில், மூன்று பாய்மரங்களோடு ஒரு பழைய போர்க்கப்பல் மிதக்கிறது. அதன் பெயர் எச்.எம்.எஸ். டிரிங்கோமலி. ஆம், நம் திருகோணமலைதான். 1782இல் அந்தத் துறைமுகத்துக்கு அப்பால் பிரிட்டிஷ், பிரெஞ்சுக் கடற்படைகள் மோதியதன் நினைவாக இட்ட பெயர்.

நெப்போலியன் போர்களுக்காகக் கப்பல் கட்டிக் கட்டியே பிரிட்டனில் ஓக் மரம் அருகிப்போனது. எனவே 1812இல் இந்தக் கப்பலைத் தேக்கில் கட்டப் பம்பாய்க்கு ஆணை பிறந்தது. வரைபடங்களோடு புறப்பட்ட 'ஜாவா' என்ற கப்பலை, அவ்வாண்டு டிசம்பரில் பிரேசில் கரைக்கப்பால் அமெரிக்காவின் 'கான்ஸ்டிடியூஷன்' வீழ்த்தியது. வரைபடங்களை மறுபடியும் படியெடுத்து அனுப்ப வேண்டியதாயிற்று. பார்சி கப்பல் கட்டுநர் ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியா 1816இல் வேலையைத் தொடங்கியபோது, நெப்போலியன் வாட்டர்லூவில் தோற்று ஏறத்தாழ ஓராண்டு ஆகியிருந்தது. 1817 அக்டோபர் 12 அன்று கப்பல் கடலில் இறங்கியது. அது சண்டையிட வேண்டிய போர்தான் இல்லை.

தேக்குக்கும் ஓக்குக்கும் உள்ள வேறுபாட்டை ஓர் ஆணியில் பார்க்கலாம். ஓக்கில் துவர்ப்பு அமிலம் மிகுதி. அதில் இரும்பாணி அறைந்தால், ஈரம் பட்டதும் ஆணியைச் சுற்றி மரம் கறுக்கும். ஆணி அரித்து, பலகையின் பிடி தளரும். தேக்கில் இருப்பதோ எண்ணெய். அது இரும்பை அவ்வளவாக அரிக்காது. நீரையும் பூஞ்சையையும் எளிதில் உள்ளே விடாது.

1819இல் போர்ட்ஸ்மத் சேர்ந்த கப்பலை 1845 வரை சும்மா கட்டிப்போட்டார்கள். பிறகு எண்ணிக்கையில் குறைந்த, ஆனால் வலிமை மிகுந்த பீரங்கிகளைப் பொருத்தி 1847இல் வெளியே அனுப்பினார்கள். கரீபியன் கடலில் அடிமை வணிகத்தைத் தடுக்கும் காவல், பிறகு 1852 முதல் பசிபிக் பணி என்று பத்தாண்டுகள் ஓடின. கனடாவின் மேற்குக் கரையில் ஒரு நீரிணைக்கு இன்றும் இக்கப்பலின் பெயர்தான்.

1857இல் திரும்பிய பின் மாலுமிப் பயிற்சிக் கப்பலானது. 1897இல் உடைப்பதற்கு விற்கப்பட்டதை வீட்லி காப் என்பவர் வாங்கி, 'ஃபூட்ராயண்ட்' என்று பெயர் மாற்றி, இளைஞர்களுக்குக் கடற்பயிற்சி தரப் பயன்படுத்தினார். அப்பயிற்சி 1986 வரை நடந்தது. 1987இல் ஹார்ட்டில்பூலுக்கு வந்த கப்பல், பழைய பெயரைத் திரும்பப் பெற்றது. 2001 வரை நீண்ட சீரமைப்பில் புதுப்பொலிவும் பெற்றது.

பெரிய கடற்போர் எதிலும் சிக்காததால் குண்டுக்குத் தப்பியது. தேக்கில் கட்டியதால் உளுத்துப்போகாமல் தப்பியது. பிரிட்டனில் இன்னும் மிதக்கும் போர்க்கப்பல்களில் இதுவே மூத்தது.